முப்பத்தாறாம் எண் குழந்தையின் அம்மா: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கில ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளி நூலகர். பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் வேலை பார்த்த இரண்டு பள்ளிகளிலும் எட்டாம் வகுப்புக்கு நான்டீடெயிலாக, அதாவது துணைப்பாடமாக, அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரியின் ‘தி கிவர்’ நாவல்தான் இருந்தது. யாருக்கு என்ன வேலை என்பதைக்கூட விதிப்படி ஊரே முடிவு செய்யும் ஒரு கற்பனை ஊரில் வளரும் ஜோனஸ் என்ற பையனின் கதை அது. ஒவ்வொரு ஜூலையிலும் முப்பது நாற்பது பிரதிகள் என் மேசையைத் தாண்டிப் போகும். மார்ச்சில் அட்டை மடங்கி, முனை நைந்து திரும்பி வரும். நல்ல புத்தகம், பட்டியலில் அது இருக்கட்டும். அதன் நான்காம் பாகத்தையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன மார்ச்சில், திரும்பி வந்த பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு கிழிந்த பக்கங்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிரதியில், வகுப்பில் சொல்லச் சொல்ல யாரோ ஒரு பிள்ளை பென்சிலால் அடைப்புக்குறி போட்டு வைத்திருந்தது. முக்கியமான இடங்களில் ஓரத்தில் ‘இம்ப்’ என்று குறிப்பு. மூன்றாம் அத்தியாயத்தில் ஓரிடத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘ஸ்கிப்’ என்று எழுதியிருந்தது.

அது எந்த இடம் என்று உங்களுக்கே தெரியும். ஜோனஸின் அப்பா, இரவில் தூங்காமல் அழும் கேப்ரியல் என்ற கைக்குழந்தையைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். தங்கை லில்லிக்கு ஒரே குதூகலம். பெரியவளானதும் தனக்குப் பிள்ளை பெறும் வேலை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்கிறாள். உடனே அம்மா கடிந்துகொள்கிறாள். அந்த வேலையில் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாதாம். அந்தப் பெண்கள் மூன்று பிள்ளைகள் பெற வேண்டும், பெற்ற பிள்ளையைக் கண்ணால் பார்க்கக்கூட மாட்டார்கள், அப்புறம் வயதாகும்வரை கூலி வேலை. இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் முடிந்து, கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது, அதனால் விடச் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொன்ன ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வருடம் முழுக்கப் போர்ஷன் துரத்தும் வேலை உங்களுடையது. மற்ற பென்சில் கோடுகளையெல்லாம் அழித்த எனக்கு, அந்த ஒன்றை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஒரு முழுப் புத்தகம் பிறந்திருக்கிறது.

சில வருடம் முன்பு, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உணவு இடைவேளையில் நூலகத்துக்கு வந்தாள். கையில் ‘தி கிவர்’. “மிஸ், அந்தப் பாப்பாவோட அம்மா யாரு?” என்றாள். ஜோனஸோட அம்மாவா என்று கேட்டேன். “இல்ல மிஸ், கேப்ரியலோட அம்மா. அவன் காணாமப் போயிட்டானே, அவ தேட மாட்டாளா?” கதை முடிவில் ஜோனஸ் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே போய்விடுகிறான், அதைத்தான் சொல்கிறாள். வகுப்பிலும் கேட்டிருக்கிறாள். கதையில் அது இல்லை, உட்கார் என்று பதில் வந்திருக்கிறது. எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அந்த நாவலை நான் மூன்று முறை படித்திருந்தேன். மூன்று முறையும் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அவள் கேட்டதற்குப் பதில் 2012இலேயே வந்துவிட்டது. ‘தி கிவர்’ வந்தது 1993இல். அடுத்த வருடம் சிறார் இலக்கியத்துக்கான அமெரிக்காவின் நியூபெரி விருது பெற்றது. 2000இல் ‘கேதரிங் ப்ளூ’ வந்தபோது, ஜோனஸ் என்ன ஆனான் என்று அறிய ஆவலோடு திறந்தவர்களுக்கு அவன் அதில் இல்லை. வேறொரு ஊர், கால் வளைந்த கீரா என்ற பெண், அவள் கையில் ஊசியும் நூலும். 2004இல் வந்த ‘மெசஞ்சர்’ மேட்டி என்ற பையனின் கதை. அதில் ஊர்த் தலைவனாக வரும் நீலக்கண் இளைஞன் ஜோனஸ்தான் என்று படிக்கிறவர்களே புரிந்துகொள்ள வேண்டும். நான்காவதாக 2012இல் ‘சன்’. மகன் என்று பொருள். அந்த மகன்தான் கேப்ரியல். கதையோ அவனைப் பெற்றவளுடையது. அவள் பெயர் கிளேர். முதல் புத்தகத்தில் பெயர்கூட இல்லாமல், மரியாதை இல்லாத வேலை என்ற சொல்லுக்குள் அடங்கிப்போன பெண்களில் ஒருத்தி, பத்தொன்பது வருடம் கழித்துக் கதாநாயகியாக வந்து நிற்கிறாள்.

முதல் பக்கத்தில் அவளுக்குப் பதினான்கு வயது. பிரசவ வலி. தோலில் செய்த, கண் துளையே இல்லாத ஒரு முகமூடியை அவள் முகத்தின் மேல்பாதியில் வைத்து வார் மாட்டுகிறார்கள். பிறக்கப்போகும் பிள்ளையை அவள் பார்த்துவிடக் கூடாது, அதற்காக. அந்த ஊரில் பிள்ளை சுமக்கும் பெண்களை ‘வெஸல்’ என்று அழைப்பார்கள். பிறக்கும் குழந்தைக்கு ‘ப்ராடக்ட்’ என்று பெயர். கிளேருக்குப் பிரசவம் சிக்கலாகி, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கிறார்கள். இனி இவள் இதற்குப் பயன்பட மாட்டாள் என்று முடிவாகிறது. ஆற்றோரம் இருக்கும் மீன் குஞ்சு பொரிப்பகத்துக்கு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: ஆண் குழந்தை, எண் முப்பத்தாறு.

வெஸல் என்ற சொல்லை என் வாசகர் வட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, ஒரு பையன் “பாத்திரமா மிஸ்?” என்றான். ஆமாம், பாத்திரம்தான். அடுத்த நிமிடம் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: “அப்ப கதாபாத்திரம்னு சொல்றமே, அதுவும் இதே பாத்திரமா?” ஆங்கிலத்தில் அந்த நாவலை எழுதியவருக்கே கிடைக்காத ஒரு வசதி நம் மொழியில் இருக்கிறது. முதல் புத்தகத்தில் கிளேர் வெறும் பாத்திரம், நான்காம் புத்தகத்தில் கதாபாத்திரம். இதை அந்தச் சிறுமி சொல்லித்தான் நான் கண்டுகொண்டேன்.

அந்த ஊரில் பருவ வயதை எட்டிய எல்லாரும் தினம் காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது நினைவிருக்கும். ஆசை, ஏக்கம் எதுவும் தலைதூக்காமல் இருக்க. பிள்ளை சுமக்கும் காலத்தில் பெண்களுக்கு அந்த மாத்திரை கிடையாது. கிளேரை அவசர அவசரமாக வேறு வேலைக்கு மாற்றியபோது, அவளுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவ்வளவுதான். ஒரு சின்ன அலுவலகக் கவனக்குறைவு. அதனால் அந்த ஊரிலேயே அவளுக்கு மட்டும் தன் பிள்ளை மேல் ஆசை வருகிறது. அவனைப் பார்க்க வேண்டும், தூக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. தனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்கே புரியவில்லை. அதற்குச் சொல்லும் அவளிடம் இல்லை.

இதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஜோனஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரே கூடிய சபையில், மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வேலை ஒதுக்கி முடித்த பிறகு, மேடைக்கு அழைத்து, உனக்கு அறிவு இருக்கிறது, தைரியம் இருக்கிறது என்று அடுக்கிச் சொல்லிப் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஊரின் பழைய நினைவுகளையெல்லாம் அவனுக்குக் கற்றுக்கொடுக்கத் தனியாக ஒரு பெரியவர், தனியாக ஓர் அறை, சுவர் நிறையப் புத்தகங்கள். கிளேரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவளை மறந்துபோனார்கள். மறந்துபோனதால் விழித்துக்கொண்டாள். அந்த ஊரில் யாருக்கும் நிறம் தெரியாது. ஜோனஸ் நிறங்களைப் பெரியவரிடமிருந்து நினைவாகப் பெறுகிறான். கிளேரோ பின்னால் ஒரு கடலோரக் கிராமத்தில் கரையொதுங்கி, அங்கே ஓடி விளையாடும் சிறுமிகளிடம் நிறங்களின் பெயரைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறாள்.

உங்கள் வகுப்பில் நாற்பது பேர் என்றால், மேடைக்கு அழைக்கப்படும் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஆண்டுவிழாவில் பரிசு வாங்குகிறவர்கள், ஸ்கூல் பியூப்பிள் லீடர், ரேங்க் ஹோல்டர். மற்ற முப்பத்தைந்து பேரும் ‘தி கிவர்’ படிக்கும்போது, ஊரைக் காப்பாற்றுவதும் உண்மையைக் கண்டுபிடிப்பதும் யாரோ ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட பையனின் வேலை என்றுதான் படிக்கிறார்கள். அந்த முப்பத்தைந்து பேருக்கும் கிளேர் வேண்டும்.

இன்னொன்று. முதல் புத்தகத்தில் பிள்ளைகள் உறைந்துபோகும் பக்கம் எது என்று உங்களுக்குத் தெரியும். இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்த ஒன்றை, ஜோனஸின் அப்பா கொஞ்சும் குரலில் பேசியபடியே ஊசி போட்டுக் கொல்லும் இடம். ‘சன்’ நாவலில் அதே அப்பாவைக் கிளேர் சந்திக்கிறாள். குழந்தைகள் காப்பகத்துக்கு எதையாவது காரணம் சொல்லிக்கொண்டு அவள் போகும்போதெல்லாம் அவர்தான் இருக்கிறார். சிரித்த முகம், வேடிக்கைப் பேச்சு. முப்பத்தாறாம் எண் சரியாகத் தூங்குவதில்லை, அதனால் இரவில் என் வீட்டுக்கே எடுத்துப் போகிறேன் என்று அவளிடம் சொல்கிறார். அவளுக்கு அவர் நல்ல மனிதர். அந்தக் கைகள் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த அத்தியாயத்தை வாசித்தபோது எங்கள் வட்டத்தில் ஒரு பையன் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அவகிட்ட யாராவது சொல்லுங்க மிஸ்” என்றான். ஒரே சம்பவத்தை வேறொரு ஆளின் பார்வையில் காட்டினால் என்ன நடக்கும் என்று நீங்கள் ‘பாயின்ட் ஆஃப் வியூ’ பாடம் எடுக்கிறீர்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதல் புத்தகத்தில் ஜோனஸ் தன் பெற்றோரிடம், என் மேல் அன்பு இருக்கிறதா என்று கேட்பான். அப்பா லேசாகச் சிரிக்க, இருவரும், அது பொருளிழந்த சொல், துல்லியமாகப் பேசப் பழகு என்று திருத்துவார்கள். படிக்கும்போது அந்த ஊரில் அன்பு என்பதே இல்லை என்று நம்பிவிடுகிறோம். இருந்திருக்கிறது. அதே நாட்களில், ஆற்றோரத்தில், மீன் குஞ்சுகளுக்கு நடுவே ஒருத்தி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்திருக்கிறாள். ஜோனஸ் குழந்தையோடு ஊரை விட்டுப் போன செய்தி கேட்டதும் அவளும் சரக்குப் படகில் ஏறிவிடுகிறாள். படகு உடைகிறது, நினைவும் போகிறது. ஆலிஸ் என்ற மருத்துவச்சிக் கிழவி அவளைத் தேற்றுகிறாள். நினைவு திரும்பியதும், செங்குத்தான மலையேறிப் பிள்ளையைத் தேடிப் போக, கால் ஊனமான ஐனார் என்ற ஆட்டிடையன் அவளுக்கு வருடக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறான். என்ன விலை கொடுத்து மகன் இருக்கும் ஊரை அடைகிறாள் என்பதை இங்கே சொல்லவில்லை. உங்களில் படிக்காதவர்கள் இருக்கலாம், நீங்களே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் அது.

லௌரி 1937இல் ஹொனலூலுவில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் பல் மருத்துவர். போருக்குப் பிந்தைய டோக்கியோவில், அமெரிக்கர்களுக்கென்று வேலி போட்டுக் கட்டிய குடியிருப்பில் சிறுமியாக இருந்தபோது, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஷிபுயா பக்கம் சுற்றப் போவாராம். விருது ஏற்புரையில் அவரே சொல்லியிருக்கிறார். வயதான காலத்தில் அப்பாவுக்கு நினைவு தப்பியது. மூத்த மகள் இறந்துபோனதையே மறந்துவிட்டார். வலியான நினைவை மறந்துவிட்டால் நிம்மதிதானே என்ற எண்ணத்திலிருந்துதான் முதல் நாவல் முளைத்தது. அது வெளிவந்து இரண்டு வருடத்தில், 1995இல், போர் விமானியாக இருந்த அவருடைய மகன் ஜெர்மனியில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். ‘சன்’ என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இந்த வகை நாவல்கள் தொடர்ந்து வருவது இப்போது சாதாரணம். ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையில் சூசன் காலின்ஸ் 2020இல் கொடுங்கோலன் ஸ்னோவின் இளமைக் காலத்தையும், 2025இல் கதாநாயகிக்கு வழிகாட்டியாக வரும் ஹேமிட்ச்சின் கதையையும் எழுதினார். உங்கள் மாணவர்கள் அவற்றை என்னிடம் வரிசையில் நின்று வாங்கிப் போகிறார்கள், நானும் விரும்பிப் படித்தேன். ஆனால் ஸ்னோவும் ஹேமிட்ச்சும் முதல் புத்தகங்களிலேயே நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். யாருமே திரும்பிப் பார்க்காத ஒருத்தியை எடுத்து, இவள் கண்ணால் இந்த ஊரை மறுபடி பாருங்கள் என்று சொல்லும் துணிவு லௌரியிடம்தான் இருக்கிறது. தான் எழுதியதில் யாரை விட்டுவிட்டோம் என்று அவரே திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நேரம் இல்லை என்பீர்கள். நான்கு நாவலையும் நடத்தச் சொல்லவில்லை. ‘சன்’ மூன்று பகுதிகள் கொண்டது. முதல் பகுதி மட்டும் போதும். ‘தி கிவர்’ நடக்கும் அதே ஊர், அதே காலம். காலாண்டுத் தேர்வுக்குப் பின்னால் மூன்று வாரம், வாரம் இரண்டு பீரியட் ஒதுக்கினால் முடித்துவிடலாம்.

அடுத்தது, பெற்றோர் வந்து கேட்பார்கள் என்ற பயம். பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பிரசவம் என்பதை எட்டாம் வகுப்பில் எப்படிப் பேசுவது? இந்தப் பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் சொல்லக்கூடியது இதுதான். லௌரி கொச்சையாகவோ அதிர்ச்சிக்காகவோ ஒரு வரிகூட எழுதவில்லை. கண்ணைக் கட்டியிருப்பதால் கிளேர் எதையும் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை. கைக்குழந்தைக்கு விஷ ஊசி போடும் பக்கத்தை இத்தனை வருடமாக அதே வகுப்பில் நடத்துகிறோம், அதைப் பற்றி எந்தப் பெற்றோரும் என்னிடம் வந்து கேட்டதில்லை. பிறப்பைப் பற்றிப் பேசத்தான் நமக்குத் தயக்கம் வருகிறது. அப்படியும் தயக்கம் இருந்தால் ஒன்பதாம் வகுப்பில் வையுங்கள், ஒரு வருடம் பொறுத்தால் குறைந்துபோகாது. எங்கள் சனிக்கிழமை வட்டத்தில் இதைப் படித்தபோது பிள்ளைகள் பேசியதெல்லாம் வாடகைத்தாய் பற்றித்தான். அந்தச் சொல்லை அவர்கள் சினிமாவிலும் செய்தியிலும் கேட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் பணத்துக்காக வாடகைத்தாயாக இருப்பதை 2021இல் கொண்டுவந்த சட்டம் தடை செய்துவிட்டது என்று சொன்னேன். அப்படியென்றால் அதுவரை சுமந்த அம்மாக்கள் எங்கே, அவர்களுக்குக் குழந்தையைக் காட்டினார்களா என்று கேட்டார்கள். அரை மணி நேரம் பேசினோம், யாரும் கிண்டலாகச் சிரிக்கவில்லை.

‘சன்’ குறையில்லாத நாவல் என்று உங்களை நம்பவைக்க எனக்கு ஆசையில்லை. மூன்றாம் பகுதி எனக்கு ஏமாற்றம்தான். முதல் புத்தகத்தின் பயங்கரமே, அதில் வில்லன் என்று ஒருவர் இல்லாததுதான். எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள், விதிப்படி நடக்கிறார்கள், குழந்தையைக் கொல்கிறார்கள். நான்காம் புத்தகத்தின் முடிவில் தீமைக்குக் கறுப்பு அங்கி போட்டு ஒரு வியாபாரியாக நிறுத்தி, கேப்ரியலை அவனோடு மோத விட்டுவிடுகிறார். எங்கள் வட்டத்துப் பிள்ளைகளிலும் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று அவர்கள் சொன்ன காரணங்கள், நோட்ஸில் இருந்து மனப்பாடம் செய்து எழுதும் எந்தப் பதிலையும்விட நன்றாக இருந்தன.

2014இல் வந்த ‘தி கிவர்’ திரைப்படத்தைப் போட்டுக் காட்டிவிட்டுப் பாடத்தை முடிக்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அதில் ஜோனஸைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்ந்த இளைஞனாக்கிவிட்டார்கள். கிளேர் அதில் கிடையாது. அந்த இரண்டு பீரியடைக் கிளேருக்குக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்த வருடப் புத்தகப் பட்டியல் பிப்ரவரியில் முடிவாகும். அதற்கு முன் ‘சன்’ நாவலின் முதல் அத்தியாயத்தை ஒருமுறை படித்துவிட்டு, பிறகு ‘தி கிவர்’ மூன்றாம் அத்தியாயத்தில் லில்லி பேசும் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அந்தப் பக்கத்தை வகுப்பில் விட்டுவிடாமல் நடத்துங்கள். ஒரு பிள்ளை எழுந்து அந்தப் பாப்பாவின் அம்மா யார் என்று கேட்டால், கதையில் இல்லை என்று உட்காரச் சொல்லாதீர்கள். நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். எங்கள் நூலகத்தில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று எப்போதும் யாரிடமாவது இருக்கும், இன்னொன்றை வெளியே கொடுக்காமல் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு பள்ளி நூலகர்,
மதுரை